சதர்ன் கிராஸ் மைனர்: ஒரு விமானத்தின் வாழ்க்கை

சதர்ன் கிராஸ் மைனர் என்ற சின்ன விமானம் தன் ஆயுளில் இரண்டு பெரும் பயணங்களுக்குக் கிளம்பியது. இரண்டுமே யாரோ ஒருவர் வைத்த சாதனையை முறியடிப்பதற்கான பயணங்கள். முதல் முறை விமானியின் உடம்பு ஒத்துழைக்கவில்லை. இரண்டாவது பயணம் சஹாரா பாலைவனத்தில் முடிந்தது. அங்கே விமானம் யார் கண்ணிலும் படாமல் தலைகீழாக 29 ஆண்டுகள் கிடந்தது. அதன் பக்கத்திலேயே விமானியும் கிடந்தார்.

அது ஏவியன் வகை விமானம். இங்கிலாந்தின் ஆவ்ரோ நிறுவனம் 1920களின் பிற்பாதியில் அந்த வகையைச் செய்யத் தொடங்கியது. மேலும் கீழுமாக இரட்டை இறக்கை, துணி போர்த்திய உடம்பு, கூரையில்லாத இருக்கை. வெற்று எடை அரை டன்னுக்கும் குறைவு. இறக்கைகளை மடக்கிக் கொட்டகையில் நிறுத்திவிடலாம். வார இறுதிகளில் சங்கத்து ஆட்கள் ஓட்டிப் பழகுவதற்கென்று செய்த வண்டி அது. கண்டம் விட்டுக் கண்டம் போவதற்காக யாரும் அதை வரைந்து கொடுக்கவில்லை.

ஆனால் போனார்கள். 1928 பிப்ரவரியில் பெர்ட் ஹிங்க்லர் என்ற ஆஸ்திரேலியர் தன்னந்தனியாக ஓர் ஏவியனில் லண்டனிலிருந்து பதினைந்தரை நாளில் டார்வினுக்குப் போய்ச் சேர்ந்தார். அதுவரை இருந்த சாதனை 28 நாள். அதே சமயம் அதே வழியில் இன்னொரு ஏவியனும் போய்க்கொண்டிருந்தது. ரெட் ரோஸ் என்று பெயர். அதை ஓட்டியவர் பில் லங்காஸ்டர், முன்னாள் பிரிட்டிஷ் விமானப் படைக்காரர். உடன் சென்றவர் ஜெஸ்ஸி மில்லர் என்ற ஆஸ்திரேலியப் பெண். 1927 அக்டோபரில் கிளம்பிய அவர்கள் ஜனவரியில் சுமத்ராவை ஒட்டிய மூன்டோக்கில் விழுந்து, விமானத்தைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் ஹிங்க்லர் அவர்களைத் தாண்டிப் போய்விட்டார். மார்ச் 19ஆம் தேதி ரெட் ரோஸ் டார்வினில் இறங்கியபோது, இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்து வந்த முதல் பெண் என்ற பெயர் ஜெஸ்ஸிக்குக் கிடைத்தது. லங்காஸ்டருக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. பிந்தி வந்தவன் என்ற அந்தக் குறை அவரை விடவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பின்னால் அவர் செய்த தவறுகளில் பாதி, நேரத்தைப் பிடிக்கப் போய்ச் செய்தவை.

சதர்ன் கிராஸ் மைனருக்கு வருவோம். அது சார்லஸ் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித்துக்காகச் செய்யப்பட்டது. 1928இல் மூன்று எஞ்சின் கொண்ட ஃபோக்கர் விமானத்தில் அமெரிக்காவிலிருந்து பசிபிக்கைக் கடந்து பிரிஸ்பேனில் இறங்கியவர் அவர். அந்தப் பெரிய விமானத்தின் பெயர் சதர்ன் கிராஸ். அந்தப் பெயரின் மேல் அவருக்கு அவ்வளவு பற்று. 1930இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பத்து நாளுக்குள் பறந்த ஏவியனுக்கு சதர்ன் கிராஸ் ஜூனியர் என்று பெயர் வைத்தார். அடுத்து வந்தது மைனர். ஒருவர் மட்டும் உட்காரும்படி மாற்றிய ஏவியன் அது. முன் இருக்கை இருக்க வேண்டிய இடத்தைப் பெட்ரோல் டாங்க் எடுத்துக்கொண்டது. நெடுந்தூர விமானங்களில் அந்தக் காலத்தில் இது வழக்கம். டாங்குக்குப் பின்னால், எஞ்சின் புகை முகத்தில் அடிக்கும் இடத்தில் விமானி உட்கார்ந்திருப்பார்.

1931 செப்டம்பர் இறுதியில் ஆஸ்திரேலியாவின் விண்டம் நகரிலிருந்து கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித் இதில் கிளம்பினார். ஜிம் மோலிசன் என்ற விமானி அந்த ஆண்டுதான் ஒன்பது நாளுக்குள் இங்கிலாந்து போய்ச் சாதனை வைத்திருந்தார். அதை முறியடிப்பது நோக்கம். வழியில் தலை சுற்றல், மயக்கம், காரணம் தெரியாத பீதி. எஞ்சின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணமாக இருக்கும் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். துருக்கியில் அனுமதியில்லாமல் இறங்கியதால் அங்கே பிடித்து வைத்ததில் இன்னும் நேரம் போனது. அக்டோபர் முதல் வாரம் அவர் இங்கிலாந்து வந்து சேர்ந்தபோது சாதனை கைநழுவியிருந்தது. விமானம் மட்டும் உலகின் பாதியைக் கடந்து சேதமில்லாமல் வந்துவிட்டது. இதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பின்னால் நடந்ததைப் படித்தவர்கள் பலர் இதை ஏதோ ராசியில்லாத விமானம்போல எழுதுகிறார்கள். முதல் பயணத்தில் தளர்ந்தது மனிதர்தான், விமானமல்ல.

இதற்கிடையே லங்காஸ்டரின் வாழ்க்கை அமெரிக்காவில் சிதைந்து போயிருந்தது. அவரும் ஜெஸ்ஸியும் காதலர்கள். ஜெஸ்ஸியின் வாழ்க்கைக் கதையை எழுதித்தர மயாமியில் அவர்கள் வீட்டில் வந்து தங்கிய ஹேடன் கிளார்க் என்ற எழுத்தாளர் ஜெஸ்ஸியை மணக்க விரும்பினார். 1932 ஏப்ரல் 20ஆம் தேதி இரவு கழிந்து 21 விடிவதற்குள் கிளார்க் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். லங்காஸ்டர் மீது கொலை வழக்கு. கிளார்க் எழுதியவைபோலக் கிடைத்த தற்கொலைக் கடிதங்களைத் தான்தான் போலியாகத் தயாரித்ததாக அவரே ஒப்புக்கொண்டார், ஆனால் சுடவில்லை என்றார். ஆகஸ்டில் ஜூரிகள் அவரை விடுவித்தார்கள். இங்கிலாந்துக்குத் திரும்பியபோது கையில் வேலையும் இல்லை, பணமும் இல்லை. பெயர் எல்லாப் பத்திரிகைகளிலும் அடிபட்டிருந்தது. பேரை மீட்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: பறப்பது. அப்பா 700 பவுண்டு கொடுத்து அவருக்காக சதர்ன் கிராஸ் மைனரை வாங்கினார்.

இலக்கு தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன். 1932 நவம்பரில் ஏமி ஜான்சன் என்ற பெண் விமானி இங்கிலாந்திலிருந்து அங்கே 4 நாள் 6 மணி 54 நிமிடத்தில் போய்ச் சேர்ந்திருந்தார். அவருடைய பஸ் மாத், மூடிய அறை கொண்ட ஒற்றை இறக்கை விமானம், ஏவியனைவிட வேகமானது. லங்காஸ்டரின் விமானம் மணிக்கு 150 கிலோமீட்டர்தான் சீராகப் போகும். தூரம் சுமார் 10,000 கிலோமீட்டர். காகிதத்தில் போட்டுப் பார்த்தால் கணக்கு இப்படி வருகிறது: ஏமியின் நேரம் ஏறக்குறைய 103 மணி. அதில் 67 மணி நேரம் ஆகாயத்திலேயே போய்விடும், அதுவும் வழி தவறாமல், எதிர்காற்று இல்லாமல் போனால். மிச்சம் 36 மணி. நான்கு நாளுக்கும் மேற்பட்ட பயணத்தில் இறங்குவது, பெட்ரோல் நிரப்புவது, எஞ்சினைப் பார்ப்பது, சாப்பிடுவது, தூங்குவது எல்லாம் அந்த 36 மணிக்குள். ஏமியைவிட மெதுவான விமானத்தை வைத்துக்கொண்டு ஏமியை முந்த வேண்டுமென்றால் தூக்கத்தில்தான் கை வைக்க வேண்டும். இந்தக் கணக்கு லங்காஸ்டருக்கும் தெரியும், அவர் அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். அப்படியும் கிளம்பினார்.

1933 ஏப்ரல் 11, காலை 5.38. தென் இங்கிலாந்தின் லிம் விமானத்தளம். பெற்றோர் வந்து வழியனுப்பினார்கள். முதல் நாளே எதிர்காற்று கணக்கைக் கெடுத்தது. நேராக ஆப்பிரிக்கக் கரைக்குப் போக நினைத்தவர் பார்சிலோனாவில் இறங்கிப் பெட்ரோல் போட வேண்டியதாயிற்று. மத்தியதரைக் கடலைத் தாண்டி அல்ஜீரியாவின் ஓரானை அடையும்போது இரவாகிவிட்டது. அங்கே அதிகம் தங்கவில்லை. அடுத்த நாள் பாலைவன ஓரத்தில் வழி தவறி அத்ரார் என்ற ஊரில் இறங்கி, விசாரித்துக்கொண்டு ரெகானுக்கு வந்தார். சஹாராவின் உள்ளே இறங்குமுன் இருந்த கடைசி நிலையம் அது. தெற்கே மாலியிலுள்ள காவோ வரை 1,300 கிலோமீட்டருக்கு ஊர் என்று எதுவும் கிடையாது. நடுவில் 'பிடோன் 5' என்ற பெட்ரோல் நிலையம் ஒன்றுதான். அந்தப் பரப்பின் பெயர் தனெஸ்ரூஃப்ட். சரளையும் மணலும் கலந்த சமவெளி. கிணறு இல்லை, புல் இல்லை, மேடு பள்ளம்கூட அதிகம் இல்லை. பிரெஞ்சுப் போக்குவரத்து நிறுவனத்தின் மோட்டார் வண்டிகள் போன தடம் மட்டும் வடக்கு தெற்காக ஓடியது. விமானிகள் அந்தத் தடத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டு பறப்பார்கள். பகலில் அது முடியும்.

லங்காஸ்டர் ரெகானிலிருந்து கிளம்பியது மாலை 6.30 மணிக்கு. இருட்டிக்கொண்டிருந்தது. இங்கிலாந்திலிருந்து கிளம்பி 37 மணி நேரம் ஆகியிருந்தது. அதில் அவர் உருப்படியாகத் தூங்கவே இல்லை. நிலையத்தில் இருந்தவர் விடியும்வரை இருக்கச் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. அப்படியென்றால் நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி வராவிட்டால் தடத்தில் வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். விழுந்தால் தீ மூட்டிக் காட்டுகிறேன் என்று அவரும் சொல்லிவிட்டுப் போனார். பௌர்ணமி கழிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் பொறுத்திருந்தால் தடத்தின்மீது நிலா வெளிச்சம் விழுந்திருக்கும். அந்த இரண்டு மணி நேரத்தை விட அவருக்கு மனம் வரவில்லை. இந்த விமானத்தின் கதையில் என்னை மிகவும் வருத்துவது இந்த இடம்தான்.

இரவு 8.15 மணிவாக்கில் எஞ்சின் நின்றுபோனது. கீழே தரை எங்கே என்று தெரியாத இருட்டில் இறக்கியதில் விமானம் குப்புறப் புரண்டது. ரெகானுக்குத் தெற்கே சுமார் 270 கிலோமீட்டர். தடத்திலிருந்து விலகி, வண்டியில் வருகிறவர் கண்ணுக்கு எட்டாத தூரம்.

லங்காஸ்டருக்கு நெற்றியிலும் மூக்கிலும் வெட்டுக்காயம், நிறைய ரத்தம் போயிருந்தது. கை கால் உடையவில்லை. இரண்டு கேலன், அதாவது ஒன்பது லிட்டர் தண்ணீர் இருந்தது. நாளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டார், ஏழு நாளுக்கு வரும்படி. விமானத்தை விட்டு நகர்வதில்லை என்று முடிவெடுத்தார்.

அந்த முடிவைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. நடந்திருந்தால் தடம் வந்திருக்கும் என்பார்கள். காயத்தோடு, ஏப்ரல் வெயிலில், ஒன்பது லிட்டர் தண்ணீரோடு, தடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றே தெரியாமல் எப்படி நடப்பது? பாலைவனத்தில் நிற்கிற மனிதன் ஆகாயத்திலிருந்து பார்த்தால் தெரிய மாட்டான். எட்டு மீட்டருக்கும் குறையாத இறக்கை உள்ள விமானம் இறங்கிக் கிடந்தால் ஓரளவு தெரியும். தேடி வருகிறோம் என்று வேறு வாக்குக் கொடுத்திருந்தார்கள். விமானிகளுக்கு இன்றும் சொல்லித்தருவது விமானத்தோடு இரு என்பதைத்தான். அவர் செய்தது சரி. அப்படியும் அவர் பிழைக்கவில்லை.

அந்த எட்டு நாளில் ஏவியன் அவருக்கு என்னென்னவாக இருந்தது என்று பார்த்தால்தான் அந்த விமானம் எப்படிக் கட்டப்பட்டது என்பதே புரிகிறது. பகலில் கவிழ்ந்த இறக்கை நிழல் கொடுத்தது. டாங்கில் பெட்ரோல் மீதமிருந்தது. இறக்கைமேல் போர்த்திய துணியைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துப் பெட்ரோலில் நனைத்துக் கொளுத்தினார். விமானத் துணியைச் சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டியபின் விறைப்பாக நிற்பதற்காக 'டோப்' என்ற பூச்சைத் தடவுவார்கள். நெருப்புப் பட்டால் அது சட்டென்று பற்றிக்கொள்ளும். பறக்கும்போது விமானிகள் அஞ்சிய அந்தக் குணம் இப்போது அவருக்கு உதவியது. வண்டியும் தேடி வந்தது, ஆனால் தடத்தோடு போய்த் திரும்பிவிட்டது. பெட்ரோல் கொழுந்து எவ்வளவு பளிச்சென்று எரிந்தாலும் அணைந்த பிறகு யாருக்கும் அடையாளம் இருக்காது. நிலா நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தது. பகலின் சூட்டுக்கு நேர்மாறாக இரவில் குளிர். அதைப் பற்றியும் எழுதி வைத்தார்.

எழுதியது விமானத்தின் பதிவேட்டில். ஒவ்வொரு விமானமும் புறப்பட்ட நேரம், இறங்கிய நேரம், எஞ்சின் ஓடிய மணி எல்லாம் குறித்து வைக்கும் புத்தகம் அது. அதன் வெற்றுப் பக்கங்களில் பெற்றோருக்கும் ஜெஸ்ஸிக்கும் எழுதினார்: காயம், தண்ணீர் எவ்வளவு மீதி, யாராவது வருவார்கள் என்ற நம்பிக்கை, பிறகு நம்பிக்கை விட்டது. கடைசியில் அதை விமானத் துணியில் சுற்றி இறக்கையில் கட்டி வைத்தார். மணலில் விட்டால் புதைந்துவிடும், சட்டைக்குள் வைத்தால் உடம்போடு கெட்டுப்போகும் என்று யோசித்திருக்க வேண்டும். அதன் பிறகும் உயிர் இருந்தது. எழுதத் தாள் இல்லாமல், பெட்ரோல் வாங்கும் அட்டையில் ஏப்ரல் 20ஆம் தேதி கடைசிக் குறிப்பை எழுதினார். மயாமியில் அந்த இரவு நடந்து அன்றோடு சரியாக ஓராண்டு.

தேடியவர்கள் கைவிட்டார்கள். அதே ஏப்ரல் 27ஆம் தேதி, இத்தாலியில் பிராத்தோமாஞ்ஞோ மலையில் ஹிங்க்லரின் உடலைக் கண்டெடுத்தார்கள். ஆஸ்திரேலியாவுக்குப் பறக்கக் கிளம்பி ஜனவரி 7ஆம் தேதியே விழுந்து இறந்திருந்தார். 1928இல் ஒருவரை ஒருவர் முந்தப் பார்த்த இரண்டு ஏவியன்காரர்களும் ஒரே ஆண்டின் நான்கு மாதத்துக்குள் போய்விட்டார்கள். 1935 நவம்பர் 8ஆம் தேதி கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித்தும் போனார், நம் வங்கக் கடலைத் தாண்டி. இந்த முறை அவர் ஓட்டியது லாக்ஹீட் விமானம். அலகாபாத்திலிருந்து சிங்கப்பூருக்கு இரவில் பறந்தபோது அவரும் துணை விமானியும் காணாமல் போனார்கள். 1937இல் பர்மாக் கரையோரத் தீவு ஒன்றில் ஒரு சக்கரக்கால் ஒதுங்கியது. டயரில் காற்றுக்கூட இறங்கவில்லை. அவ்வளவுதான் கிடைத்தது. கடலில் விழுந்ததற்கும் மணலில் விழுந்ததற்கும் உள்ள வித்தியாசம் இது. தனெஸ்ரூஃப்ட்டில் மழை இல்லை, ஈரம் இல்லை. அதனால் துருவும் இல்லை, அழுகலும் இல்லை.

ரெகான் வழியாக வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. உலகப் போர் ஒன்று வந்து போனது. 1960 பிப்ரவரி 13ஆம் தேதி பிரான்ஸ் தன் முதல் அணுகுண்டை அதே ரெகானுக்குப் பக்கத்தில் வெடித்தது, 70 கிலோ டன். உலகத்தின் கண் முழுக்க அந்தப் பாலைவனத்தின்மேல் இருந்த நேரத்திலும், அதற்குத் தெற்கே சில மணி வண்டித் தூரத்தில் ஏவியன் யார் பார்வையிலும் படாமல் கிடந்தது. 1962 பிப்ரவரி 12ஆம் தேதி, அல்ஜீரியா விடுதலை அடைய ஐந்து மாதம் இருக்கும்போது, டிட்டுஸ் பொலிடோரி என்பவர் தலைமையில் ரோந்து போன பிரெஞ்சுப் படையினர் தடத்திலிருந்து விலகிப் போனபோது அதைக் கண்டார்கள். துணி போய் எலும்புக்கூடாக நின்ற சட்டம். அருகே காய்ந்து பதப்பட்ட உடல். இறக்கையில் கட்டிய பொட்டலம் அப்படியே இருந்தது. எழுத்து எல்லாம் படிக்க முடிந்தது.

லங்காஸ்டரை ரெகானில் அடக்கம் செய்தார்கள். குறிப்பேடு இங்கிலாந்தில் வேறொரு விமானியை மணந்து வாழ்ந்துகொண்டிருந்த ஜெஸ்ஸி மில்லரின் கைக்குப் போனது. மயாமிக் கொலையைப் பற்றி அதில் வாக்குமூலம் இருக்கும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். இல்லை. சாவை எதிரே பார்த்துக்கொண்டு எட்டு நாள் எழுதியவர் அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. அதை நிரபராதி என்பதற்குச் சாட்சியாக எடுத்தவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். அம்மாவுக்கும் காதலிக்கும் எழுதும் கடைசிக் கடிதத்தில் மனிதன் எதை விட்டுவிடுவான் என்று யாராலும் சொல்ல முடியாது. 1969இல் ரால்ஃப் பார்க்கர் என்ற எழுத்தாளர் குறிப்பேட்டை ஆதாரமாக வைத்து ஒரு புத்தகம் எழுதினார். அதன் பிறகுதான் விமானத்தின் பெயர் பரவலாகத் தெரிய வந்தது.

விமானம் இன்னும் பாலைவனத்தில்தான் கிடந்தது. 1975இல் வில்டன் டிக்சன் என்பவர் ஒரு குழுவோடு போய் அதை எடுத்து வந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் லண்டனிலிருந்து சஹாரா வழியாக ஒரு கார்ப் பந்தயத்தை அவர் நடத்தியிருந்தார். அந்தச் சிதைவு பிரிஸ்பேனிலுள்ள குவீன்ஸ்லாந்து அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1931இல் தன் முதல் பெரும் பயணத்தை அந்த விமானம் தொடங்கியதும் ஆஸ்திரேலியாவிலிருந்துதான். விழுந்த இடத்திலேயே விட்டிருக்க வேண்டும் என்று ஒரு தரப்பு சொல்லும். அதோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. தனிமையில் கிடக்கும் விமானத்திலிருந்து நினைவுப் பொருள் என்று ஆளுக்கொரு துண்டாகக் கழற்றிப் போய்விடுவார்கள். ஹிங்க்லர் 1928இல் டார்வினுக்கு ஓட்டிப் போன ஏவியனும் அதே அருங்காட்சியகத்தின் கைவசம்தான் இருக்கிறது. துணி போர்த்திய முழு விமானம் அது. சதர்ன் கிராஸ் மைனருக்குப் புதுத் துணி போர்த்தி அப்படி ஆக்காமல் சிதைந்த நிலையிலேயே வைத்திருக்கிறார்கள். அதுவும் சரியே. இன்னொரு முழு ஏவியன் வேண்டுமென்றால் செய்துகொள்ளலாம்; லங்காஸ்டர் தீ மூட்டக் கிழித்த இறக்கையை மறுபடி செய்ய முடியாது.